சேலை மாறி வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். தம்பி கல்யாணத்துக்கு ஆன்லைனில் பட்டுச்சேலை ஒன்று எடுத்திருக்கிறார். படத்தில் மாம்பழ மஞ்சள், வந்தது எலுமிச்சை மஞ்சள். தொட்டுப் பார்த்தால் துணியும் பட்டு மாதிரி இல்லை. திருப்பி எடுக்க வந்த பையன், டேக் கிழிந்திருக்கிறது என்று சொல்லி வாங்காமலே போய்விட்டார். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் பேசுகிறார், கதையை முதலிலிருந்து கேட்கிறார். "டவுனுக்குப் போயிருந்தா இந்த வம்பு உண்டுமா?" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். பாய், பாத்திரம், மிக்சி எல்லாம் இனிமேல்தான் வாங்க வேண்டும். பத்தமடைப் பாயை ஆன்லைனில் தேடியும் பார்த்திருக்கிறார். ஆன்லைன் நல்லதா, கடை நல்லதா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். விலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோபம் முழுவதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: பொருள் சரியில்லை என்றால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆகவே அந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். எது தவறிப்போனால் யார் பதில் சொல்வார் என்று தெரிந்துவிட்டால், எதை எங்கே வாங்குவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஜவுளிக்கடை கவுண்டரில் பல வருடம் சேலை விரித்துப் போட்டவன் நான். இப்போது மைத்துனரும் நானும் காட்டன் சேலையும் நைட்டியும் ஆன்லைனில் விற்கிறோம். இரண்டு பக்கமும் நின்றவன் என்கிற முறையில் துணியைப் பற்றியும் வியாபாரத்தைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். மிக்சி, ஃப்ரிட்ஜ் விஷயத்தில் உங்களைப் போல நானும் வாங்குகிறவன்தான். சட்டம் பற்றி எழுதுவது புத்தகத்தில் உள்ளதும், வியாபாரத்தில் நாங்கள் தினமும் கட்டுப்பட வேண்டியதும். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை என்றால் ஒரு வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஏன் ஆள் இல்லை என்பது. நீங்கள் எந்த ஆப்பில் சேலை எடுத்தீர்களோ அந்தக் கம்பெனி அநேகமாக உங்களுக்குச் சேலை விற்கவே இல்லை. வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் நிறுவனங்கள் நம் நாட்டில் சொந்தமாகச் சரக்கு வைத்து நேரடியாக மக்களுக்கு விற்கக் கூடாது. வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்துவிடும் சந்தையாக மட்டும்தான் நடத்தலாம். 2019 பிப்ரவரி முதல் இந்த விதி இன்னும் இறுகிவிட்டது. அதனால் பெரிய ஆப்களில் பெரும்பாலும் விற்கிறவர் வேறு யாரோ: சூரத்தில் ஒரு மொத்த வியாபாரியாக இருக்கலாம், எங்களைப் போல திருநெல்வேலியில் இரண்டு பேராகவும் இருக்கலாம். கொண்டு வருகிறவர் கூரியர் கம்பெனிக்காரர். பணம் போய்ச் சேரும் இடம் ஆப். நிறம் மாறினால் விற்றவர் பொறுப்பு, டேக் பார்ப்பது கூரியர்காரர் வேலை, பணத்தைத் திருப்ப வேண்டியது ஆப். மூன்று பேருக்கும் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள். டவுன் கடையில் இந்த மூன்று பேரும் ஒரே அண்ணாச்சிதான். அவர் நல்லவரோ கெட்டவரோ, கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், நாளைக்கும் அங்கேதான் இருப்பார். உங்கள் அம்மா சொல்வதில் உள்ள நியாயம் அதுதான்.

திருப்பி எடுக்க வந்த பையன் மேல் கோபப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் கையில் உள்ள போனில் ஒரு பட்டியல் இருக்கும். நிறம் படத்தோடு ஒத்துப்போகிறதா, டேக் இருக்கிறதா, கவர் இருக்கிறதா, கறை உண்டா என்று ஒவ்வொன்றாகத் தட்டினால்தான் அடுத்த பக்கம் வரும். ஒன்றில் சரியில்லை என்று போட்டால் ரிட்டர்ன் அங்கேயே நின்றுவிடும். தப்பாக வாங்கிக்கொண்டு போனால் கேள்வி அவரிடம்தான் வரும். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், விற்கிற பக்கத்திலும் அடி விழுகிறது. எங்களுக்கே திரும்பி வந்த பார்சலைப் பிரித்தால் மஞ்சள் கறையோடு, ஃபால்ஸ் தைத்துப் பிரித்த ஓட்டையோடு சேலை வந்ததுண்டு. விசேஷத்துக்குக் கட்டிவிட்டு அனுப்பியிருப்பார்கள். நாங்கள் அனுப்பிய சேலைக்குப் பதிலாக வேறு ஒரு பழைய சேலையை மடித்து வைத்து வந்ததும் உண்டு. அப்படிப்பட்ட சிலருக்காகப் போட்ட பூட்டில் உங்களைப் போன்ற நேர்மையான ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே ஆன்லைனில் சேலை வந்தால் செய்ய வேண்டியது இது. பார்சலைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். முகவரி ஒட்டிய பக்கத்திலிருந்து ஆரம்பித்து, கத்தி போடுவது, சேலையை விரிப்பது வரை ஒரே ஓட்டமாக இருக்கட்டும். வீடியோ இல்லை என்றால் ரிட்டர்ன் கிடையாது என்று சில விற்பனையாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் வாக்குவாதத்தில் வீடியோவைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை. டேக்கைப் பிய்க்காமல், முந்தியைச் சுற்றியுள்ள பின்னைக் கழற்றாமல், முதலில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பகல் வெளிச்சம் என்றதும் நிறம் பற்றிச் சொல்லியாக வேண்டும், இது என் தொழில். எங்கள் கடையில் விவரம் தெரிந்த பெண்கள் யாரும் உள்ளே வைத்து நிறத்தை முடிவு பண்ண மாட்டார்கள். பிடித்த சேலையின் முந்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்படி வரை போவார்கள். வெயில் படும் இடத்தில் ஒரு முழம் விரித்து, கையைத் துணிக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்கள். டியூப் லைட்டில் அரக்காகத் தெரிந்தது வாசலில் கத்தரிப்பூவாக மாறும். எல்லாத் துணியும் கொஞ்சம் மாறும். ஊடும் பாவும், அதாவது குறுக்கு நூலும் நெடுக்கு நூலும், வேறு வேறு நிறமாக உள்ள சேலை ரொம்பவே மாறும். திரும்பி வந்து, "அண்ணாச்சி, இது வேண்டாம், அந்த ரெண்டாவது கட்டுல இருந்துச்சே அத எடுங்க" என்பார்கள். ஒரு சேலைக்கு நாலு தடவை வாசலுக்குப் போன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். விற்கிறவனுக்கு அது அலுப்புத்தான், ஆனால் அப்படி எடுத்துப் போனவர்கள் மாற்றுவதற்கு வந்தது குறைவு.

ஆன்லைனில் அந்த வாசல்படி இல்லை. படம் எடுப்பவர் வைக்கும் விளக்கு ஒன்று, கேமரா எடுத்துக்கொள்ளும் நிறம் ஒன்று, அதைப் பளிச்சென்று திருத்துவது ஒன்று, கடைசியில் உங்கள் போன் திரை காட்டுவது ஒன்று. நாங்களே எங்கள் சேலைகளை மொட்டை மாடியில் காலை வெயிலில்தான் படம் எடுக்கிறோம். அப்படியும் மஞ்சளும் கிளிப்பச்சையும் மயில்கழுத்து நிறமும் படத்தில் ஒழுங்காக வருவதில்லை. வெள்ளை, கறுப்பு, நேவி நீலம் போன்றவற்றில் இந்தத் தகராறு குறைவு. ஆகவே, உங்கள் சேலை மாம்பழ மஞ்சளிலிருந்து எலுமிச்சை மஞ்சளாக மாறியது ஏமாற்றா, கேமரா செய்த வேலையா என்று இங்கே இருந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. விற்றவர் பக்கத்தில் 'நிறம் சற்று மாறுபடலாம்' என்று ஒரு வரி கட்டாயம் போட்டிருப்பார். நிறத்தை மட்டும் வைத்துச் சண்டை போட்டால் உங்கள் பிடி அவ்வளவு வலுவாக இருக்காது.

துணி விஷயம் அப்படி இல்லை, அங்கே உறுதியாகப் பேசலாம். முதலில் நீங்கள் எடுத்த பக்கத்தைத் திறந்து, சேலையின் பெயருக்குக் கீழே பொருள் விவரத்தில் துணி என்ன என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். தலைப்பில் காஞ்சிபுரம் என்றும் பட்டு என்றும் இருக்கும். கீழே பொடி எழுத்தில் ஆர்ட் சில்க், சில்க் பிளெண்ட் என்று இருக்கும். ஆர்ட் சில்க் என்பது ரேயானோ பாலியஸ்டரோதான், அதில் பட்டுப்பூச்சிக்கு வேலை இல்லை. 'சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் அசல் பட்டும் உண்டு, பாலியஸ்டரும் உண்டு. அதனால் அந்தப் பெயரை நம்பி எடுக்கக் கூடாது. அசல் பட்டு என்றால் மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் அட்டை தொங்குகிறதா என்று பாருங்கள். அட்டை இல்லாத எல்லாமே போலி என்று சொல்ல மாட்டேன், நெசவாளர் வீட்டில் நேரடியாக எடுக்கும் நல்ல பட்டுக்கும் அட்டை இருக்காது. ஆனால் முகம் தெரியாத ஆளிடம் ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கும்போது அது இல்லாமல் எடுக்காதீர்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. முந்தி ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகுகிற வாசம் வரும், சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியும். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிகிற மாதிரி எரியும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும், நசுங்காது. ஜரிகை நூலை எரித்துப் பார்த்துப் பயனில்லை, உடல் நூலாக இருக்க வேண்டும். ஊடு ஒன்று பாவு ஒன்றாகக் கலந்து நெய்திருப்பார்கள், ஆகவே இரண்டு பக்க நூலையும் பாருங்கள். ஆனால் ரிட்டர்ன் முடியும் வரை சேலையில் கத்தரி வைக்காதீர்கள். தானாகப் பிரிந்து தொங்கும் நூல் கிடைத்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

விவரத்தில் 'பட்டு' என்று எழுதிவிட்டு அனுப்பியது பாலியஸ்டர் என்றால் சட்டம் உங்கள் பக்கம் முழுவதுமாக நிற்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் ஆன்லைன் வியாபாரத்துக்கென்று தனி விதிகள் வந்தன. பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமல் இருந்தாலும், சொன்ன தேதியைத் தாண்டித் தாமதமாக வந்தாலும் விற்றவர் அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது, பணத்தைத் திருப்ப மறுக்கக் கூடாது. வெள்ளம் போல அவர் கையில் இல்லாத காரணத்தால் தாமதம் என்றால் மட்டும் விலக்கு உண்டு. விற்கிறவரின் பெயரும் முகவரியும் ஆப்பில் தெரிய வேண்டும். ஒவ்வொரு ஆப்பும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் போட்டிருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நீங்கள் இவ்வளவு நாள் பேசிக்கொண்டிருந்த கஸ்டமர் கேர் வேறு, இந்தக் குறைதீர் அலுவலர் வேறு. ஆப்பின் அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, அந்தப் பெயர் இருக்கும். மின்னஞ்சலில் எழுதுங்கள். எழுத்தில் இருந்தால் யார் மாறி மாறி வந்தாலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

இதே விதியில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'எனக்குப் பிடிக்கவில்லை', 'வீட்டில் வேண்டாம் என்றார்கள்' என்று திருப்பிக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. ஏழு நாள், பத்து நாள் என்று ஆப்கள் கொடுப்பது அவர்கள் வியாபாரத்துக்காகக் கொடுக்கும் சலுகை. அதை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், பொருளுக்குப் பொருள் மாறும். வாங்கும் முன்பு அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிடுங்கள். 'மாற்றித் தரப்படும்' என்று மட்டும் இருந்தால் பணம் எளிதில் வராது.

இனி கடைக்காரர்கள் பக்கம். அந்தப் பக்கத்தில் சோறு தின்றவன் என்பதற்காக மூடி மறைக்க மாட்டேன். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பாதிக் கடைகளில் பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பழுதான பொருளைப் பொறுத்தவரை அந்த வரிக்கு மதிப்பு கிடையாது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதே 2019 சட்டம் சொல்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. "பில் வேண்டாம்னா இன்னும் கொஞ்சம் கொறச்சுத் தாரேன்" என்று ஒரு அண்ணாச்சி சொன்னால், குறைகிற பணத்தோடு உங்கள் உரிமையும் போகிறது. சேலை ஒரே துவையலில் சாயம் விட்டால் போய்க் கேட்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. தெரிந்த கடை, தலைமுறையாகப் பழக்கம் என்றாலும் பில் கேளுங்கள். அதனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அந்தக் கடையில் எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் அம்மா யோசித்துப் பார்க்க வேண்டும். ஆண்களே நிற்கிற கவுண்டரில் போய் உள்ளாடை அளவு சொல்ல எத்தனை பெண்கள் கூசியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெரிய அளவு கேட்ட பெண்ணிடம் "உங்க சைஸ் எல்லாம் வராதுக்கா" என்று எல்லோர் முன்னாலும் சொன்ன விற்பனைப் பையன்களையும் தெரியும். முழங்கால் வலியோடு டவுனில் பஸ் இறங்கி, தீபாவளிக் கூட்டத்தில் ரத வீதியைச் சுற்ற முடியாத வயதானவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஆன்லைன் ஒரு விடுதலை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எங்கள் நைட்டி அதிகம் போவதே எக்ஸ்எக்ஸ்எல் அளவில்தான்.

விலைக்கு வருவோம், இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். சேலையில் 5,999 என்று போட்டு அதை அடித்து 1,499 என்று எழுதினால், 1,499 என்பதுதான் விலை. அடித்த எண் யாரும் ஒருபோதும் கொடுக்காத எண். மிக்சி போன்ற கம்பெனிப் பொருளில் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பாருங்கள், ஆன்லைனுக்கென்றே தனி மாடல் விடும் கம்பெனிகள் உண்டு. எண் ஒன்றாகவே இருந்தால் போனைக் காட்டி வண்ணார்பேட்டையிலோ டவுனிலோ நாலு கடையில் கேளுங்கள். பல கடைகள் அந்த விலைக்கோ, அதற்கு நூறு இருநூறு கூடவோ தந்துவிடும். அந்த நூறு இருநூறைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து, மிக்சி நின்றுபோனால் தூக்கிக்கொண்டு போக ஒரு இடம் இருக்கிறது. வாரண்டி எங்கே வாங்கினாலும் கம்பெனி கொடுப்பதுதான், அது பில்லைப் பொறுத்தது. வாங்கும் முன்பு அந்தக் கம்பெனிக்குத் திருநெல்வேலியில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்றால் கல்யாணப் பெண் அதுவரை அம்மியில்தான் அரைக்க வேண்டும்.

பாத்திரத்தை ஆன்லைனில் எடுக்காதீர்கள். காரணம் கூரியர் கணக்கில் இருக்கிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் வரும் கிலோ, அல்லது நிஜ எடை, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வாடகை. எல்லாப் பக்கமும் 40 சென்டிமீட்டர் உள்ள பெட்டிக்கு 12.8 கிலோ கணக்கு. உள்ளே உள்ள அண்டா மூன்று கிலோவாக இருந்தாலும் வாடகை கிட்டத்தட்ட பதின்மூன்று கிலோவுக்கு. அந்த வாடகையை யாரோ ஒருவர் தாங்க வேண்டும்: ஒன்று விலை ஏறும், இல்லை தகடு மெலியும். டவுன் பாத்திரக்கடையில் பித்தளையை உங்கள் கண் முன்னால் தராசில் போட்டு எடைக்கு விலை சொல்கிறார்கள், வீட்டில் கிடக்கும் பழைய பித்தளையையும் எடுத்துக்கொள்கிறார்கள். எவர்சில்வரில் காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை மட்டும் நம்பாதீர்கள். நல்ல ரகமான 304இலும் காந்தம் ஒட்டாது, அதைவிட மலிவான 202இலும் பெரும்பாலும் ஒட்டாது. பாத்திரத்தில் ரகம் பொறித்திருக்கிறதா என்று பார்த்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

பாய் விஷயம் கேட்டதும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. சேரன்மகாதேவியில் இருந்துகொண்டு ஆன்லைனில் பத்தமடைப் பாய் தேடியிருக்கிறீர்கள்! பத்தமடை உங்களுக்குப் பக்கத்து ஊர். புவிசார் குறியீடு வாங்கிய பாய் அது. தாமிரபரணிக் கரைக் கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, கீறி, மெல்லியதாக்கி, பெண்கள் உட்கார்ந்து கையால் நெய்கிறார்கள். ரகம் ஏற ஏறக் கோரை மெலியும், நாள் கூடும். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள், அதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். முகூர்த்த மாதம் என்றால் இன்னும் முன்கூட்டி. ஆப்பில் அந்தப் பெயரில் வருவதில் மில் நூலில் தடிமனான கோரையைக் கோத்ததும் உண்டு, பிளாஸ்டிக்கும் உண்டு. படத்தில் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். அசலை விரலால் தடவினால் துணி மாதிரி வழுக்கும், மடித்தால் முறியாமல் மடங்கும். இதைத் திரையில் பார்க்க வழியே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் நெய்கிற வீட்டிலேயே சொல்லிவிட்டு வாருங்கள். அப்படியே அதே ரோட்டில் மறுபக்கம் வீரவநல்லூர் போனால் செடிபுட்டா சேலை நெய்கிற தறி இருக்கிறது, உறவுக்காரர்களுக்கு எடுத்துக் கொடுக்க நன்றாக இருக்கும். உடன்குடிக் கருப்பட்டியும் இந்தக் கணக்கில்தான் வரும்: சீனி கலந்ததா என்பதை வாயில் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஆன்லைனில் எதைத்தான் வாங்குவது? தொட்டுப் பார்க்கத் தேவையில்லாத பொருள், ஒரே மாதிரி அச்சாக வரும் பொருள், இங்கே கடையில் கிடைக்காத பொருள். புத்தகம், ஏற்கெனவே போட்டுப் பார்த்த அதே கம்பெனி அதே அளவுச் செருப்பு, பழைய மிக்சி ஜாருக்கு உள்ள சின்ன உதிரிப் பாகம், போன் கவர், குழந்தைக்கு வழக்கமாக வாங்கும் டயாப்பர். இவற்றில் எனக்குத் தெரிந்து பெரிய தகராறு வந்ததில்லை. கல்யாணத் தேதிக்கு முந்தின வாரம் வந்தே ஆக வேண்டும் என்கிற எதையும் ஆன்லைனில் விடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் பக்கம் ரோடும் ரயிலும் நின்றபோது பார்சல் எல்லாம் எங்கெங்கோ கிடந்தது. வெள்ளம் இல்லாத நாளிலும், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இருக்கும் கிராமத்துக்கு இரண்டு நாள் பிந்துவது சகஜம்.

கதவடியில் நடப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏமாறுவது அதிகமும் அங்கேதான். "அக்கா, பஸ் ஸ்டாப்புக்கு வந்து வாங்கிக்கிடுங்க, ஓடிபி மட்டும் இப்பவே சொல்லுங்க" என்று போன் வரும். பார்சல் கைக்கு வராமல் ஓடிபி சொல்லாதீர்கள். சொன்ன நிமிடமே பொருள் உங்களிடம் வந்துவிட்டதாகக் கணக்கில் ஏறிவிடும், பிறகு வரவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. பிரித்துக் காட்டும் டெலிவரி என்று போட்டிருந்தால் பிரித்துப் பார்த்த பிறகே ஓடிபி. நீங்கள் ஆர்டர் போடாத பார்சலுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வீட்டில் அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், பிள்ளைகள் போட்டிருப்பார்கள் என்று நினைத்து அவர்கள்தான் கொடுத்துவிடுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம்: ரீஃபண்ட் வரவில்லை என்று இணையத்தில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடாதீர்கள். அப்படித் தேடி வருகிறவர்களுக்காகவே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணை ஆப்புக்குள் மட்டுமே எடுக்க வேண்டும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடச் சொன்னால் அது திருட்டு. பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு குறையும்.

நட்சத்திர மதிப்பெண்ணையும் விமர்சனத்தையும் எவ்வளவு நம்பலாம் என்பதில் எனக்கு உறுதி கிடையாது. பணம் கொடுத்து எழுத வைப்பது நடக்கிறது, நேர்மையாக எழுதுகிறவர்களும் நிறைய. நான் செய்வது, ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளவர்கள் போட்ட படங்களைப் பார்ப்பது. வாங்கினவர் வீட்டுக் கட்டிலில் விரித்து எடுத்த மங்கலான படத்தில்தான் சேலையின் உண்மையான நிறம் தெரியும். 'இன்னும் ஒன்றுதான் இருக்கிறது', 'பத்து நிமிடத்தில் முடிகிறது' என்று ஓடும் கடிகாரத்தைக் கண்டு அவசரப்பட வேண்டாம். பொய்யாக அப்படி அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது போன்ற தந்திரங்களைத் தடை செய்து 2023 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதல் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது உங்கள் சேலைக்கு. ரிட்டர்ன் நாள் முடியவில்லை என்றால் இன்றைக்கே ஆப்பில் மறுபடி கோரிக்கை போடுங்கள். காரணம் கேட்கும் இடத்தில் 'பிடிக்கவில்லை', 'நிறம்' என்பதைத் தொடாமல், 'விவரத்தில் உள்ளது வேறு, வந்தது வேறு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பில் துணி என்ன என்று எழுதியிருந்த பக்கத்தை இப்போதே படம் எடுத்து வையுங்கள், விற்றவர் அதை மாற்றிவிடலாம். கிழிந்த டேக்கையும் தூக்கிப் போடாமல் சேலையோடு வையுங்கள். டேக் கிழிந்திருப்பது ஆப்பின் சலுகை விதிக்குத்தான் தடை. சொன்ன துணி வேறு வந்த துணி வேறு என்ற உங்கள் புகாருக்கு அது தடை இல்லை. இதையே நாலு வரியில், ஆர்டர் எண், தேதி, படங்களோடு குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்தில் பணத்தைத் திருப்பிவிடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் சூரத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டத்தில் வந்த பெரிய வசதி. நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. ஒரு சேலைக்காக அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் விருப்பம். தீர்ப்பு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் வரை அந்த மஞ்சள் சேலையைக் கட்டவோ துவைக்கவோ வேண்டாம், ஃபால்ஸ் வைக்கவும் கொடுக்க வேண்டாம். வந்த கவரோடு பீரோவில் தனியாக எடுத்து வையுங்கள். கல்யாணத்துக்கு வேறு சேலை எடுக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போங்கள். காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்திருக்காது, வாசலில் வெளிச்சமும் நன்றாக இருக்கும்.